முப்பத்தேழில் கை இருக்கிறதா

ஜூலை 1, திங்கள்

ஷிஃபானா டாக்டரின் ஆராய்ச்சிக்காக இன்று பழைய அலமாரியைத் திறந்தோம். தூசி என்றால் அப்படி ஒரு தூசி. அறுபது பிளாக் எடுக்க வேண்டும். ஆபரேஷனில் எடுத்த சதையில் நகத்தளவு வெட்டி மெழுகில் பதித்து வைப்போம், அதுதான் பிளாக். எல்லாம் கருப்பைவாய்ப் புற்று.

டாக்டருக்கு இருபத்தொன்பது வயது. மேலப்பாளையத்துப் பெண். எதையும் எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் வேலை வாங்குவார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். சிலருக்குப் புற்று வந்த இடத்திலேயே கிடக்குமாம். சிலருக்கு நெறிகட்டி, ஈரல், நுரையீரல் என்று கிளம்பிவிடுமாம். கிளம்ப விடாமல் பிடித்து நிறுத்தும் ஜீன்கள் உடம்பிலேயே உண்டு, அவை மந்தமாகிவிட்டால் புற்று ஊர் சுற்றப் போய்விடும் என்றார். அப்படி ஒரு ஜீனின் பெயர் கே, ஏ, ஐ, பிறகு ஒன்று. நான் சாய டப்பாவைப் பார்த்துக் 'கை ஒன்று' என்று படித்தேன்.

"கை இல்லக்கா, கே ஏ ஐ" என்று இரண்டு தடவை திருத்தினார். சாயங்காலம் அவரே "அந்தக் கை பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

நாங்கள் போடும் சாயத்தில் அந்த ஜீனின் புரதம் இருந்தால் சதை பழுப்பாக மாறும். இல்லாவிட்டால் வெறும் நீலம். இந்த லேபில் மற்ற எத்தனையோ சோதனைகளில் பழுப்பைக் கண்டால் முகம் சுண்டிப்போகும். இதில் மட்டும் பழுப்புதான் நல்லது.

பட்டியலில் முப்பத்தேழாவது பிளாக் என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால், தென்காசியில் வேலை பார்த்தபோது, இங்கே மெடிக்கல் காலேஜுக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒரு நெறிகட்டிக்குப் போயிருந்தது. இருபத்தைந்து கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அப்புறம் இங்கேயே மாற்றல் கிடைத்தது. வந்த முதல் வாரமே அலமாரியில் தேடிப் பார்த்தேன், மூன்றாம் தட்டில் சமர்த்தாக இருந்தது. லேபில் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆக, என்னிடம் கை இருக்கிறதா இல்லையா என்று இந்த மாதம் தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். கத்தரிக்காய் வாங்க வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

முப்பது பிளாக் வெட்டி முடித்தேன். பிளாக்கைச் சீவும் மைக்ரோடோம் மெஷினில் கத்தி புதிது, கை வைத்தால் போதும். மற்றவர்களின் பிளாக்கை நான் மரியாதையாகத்தான் பிடிப்பேன். முப்பத்தேழை இன்றே வெட்ட வேண்டியதில்லை, நாளைக்குப் போதும். ஆனாலும் எடுத்து ஐஸில் வைத்தேன். "இரு, உன்னைக் கவனிச்சுக்கிடுதேன்" என்று சொன்னேன். நல்ல வேளை, டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

முதல் இழுப்பிலேயே மெழுகுச் சீவல் ரிப்பன் மாதிரி கிழிசல் இல்லாமல் வந்தது. இருபத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு அழகான ரிப்பன் பத்து தடவை வந்திருக்குமா? வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தினேன். என்னை நானே மூன்று மைக்ரான் மெல்லிசாக வெட்டி ஏந்தியிருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

குக்கர் சொதப்பிவிட்டது. சாயம் போடுவதற்கு முன்னால் ஸ்லைடுகளைப் பிரஷர் குக்கரில் வைத்து இரண்டு விசில் விட வேண்டும், அப்போதுதான் புரதம் முகம் காட்டும். விசில் வரவே இல்லை, பக்கவாட்டில் ஆவி பீய்ச்சுகிறது. கேஸ்கெட் போச்சு. ஸ்டோரில் கேட்டால் 'இண்டென்ட் போடுங்க, செப்டம்பர்ல வரும்' என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். சமாதானபுரத்தில் மிக்ஸி, குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சைஸ் கேட்டார், ஐந்து லிட்டர் என்றேன். நம் வீட்டுக் குக்கரைத் திறந்து அதிலிருந்த கேஸ்கெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"ஏட்டி வடிவு, அங்கன சதையை அவிச்சிட்டு அதைத் திருப்பி இங்க கொண்டாந்துராத."

"சதை இல்ல, கண்ணாடி."

"என்ன எழவோ. நான் நாளைக்குக் கடையில இருந்து நமக்கு வேற எடுத்தாறேன். இன்னைக்குப் பருப்பைச் சட்டியில வேக வை."

பருப்பு வேக ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தான் பசியோடு சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனைக் கட்டியதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

கேஸ்கெட் கச்சிதம். முதல் பன்னிரண்டு ஸ்லைடு முடிந்தது. இந்த வேலையில் எல்லாமே நேரம்தான். கடைசியில் பழுப்புச் சாயத்தைச் சொட்டு விட்டால் சரியாக ஐந்து நிமிடம். நாலு ஆனால் வெளிறும், எட்டு ஆனால் கண்டதெல்லாம் பழுப்பாகும். நான் டைமரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு "மணியாச்சு, மணியாச்சு" என்று கத்துவேன். அதனால் எனக்கு இங்கே மணியக்கா என்று பெயர். என் நிஜப்பெயர் சங்கரவடிவு என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார். நல்ல சதையில் செல்லின் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு. பக்கத்தில் புற்று இருக்கும் இடத்தில் அந்தக் கோடு அறுந்து அறுந்து, பிறகு இல்லாமலே போகிறது.

"பாருங்கக்கா, இந்த எடத்துல கையை விட்டிருச்சு" என்றார் டாக்டர்.

இப்போது அவரும் என் பாஷைதான். பன்னிரண்டில் எட்டு வெளிறல்.

ஜூலை 13, சனி

இட்லிக்கு ஆட்டினேன். தென்காசிக் காற்று இங்கே வரைக்கும் வீசுகிறது, காயப்போட்ட துணி எல்லாம் பக்கத்து வீட்டு மாடியில்.

அத்தான் கேட்டார்: "இந்த மாசம் செக்கப் போனியாட்டி?"

"அங்கதானே முழு நாளும் கிடக்கேன்" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நாலாவது தொகுதி, 37 முதல் 48 வரை. குக்கர் இரண்டு விசில். எல்லாம் சரியாகப் போனது. சாயம் விட்டு ஐந்து நிமிடத்தில் பதினோரு ஸ்லைடைக் கழுவினேன். போன் வந்ததால் முப்பத்தேழு மட்டும் டிரேயில் நின்றுவிட்டது. எடுக்கும்போது பதினாறு நிமிடம். நன்றாகப் பழுப்பு ஏறியிருக்கிறது.

ஜூலை 17, புதன்

மொஹரம் விடுமுறை. தட்டட்டியில் ஏறி வெயிலில் வடகம் போட்டேன். மனசு லேசாக இருந்தது. பழுப்பு பழுப்புதானே?

ஜூலை 18, வியாழன்

டாக்டர் நாற்பத்தெட்டு வரை பார்த்துப் பழுப்பின் அளவுக்கு மார்க் போட்டுவிட்டார், மூணு பிளஸ்தான் உச்சம். முப்பத்தேழைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"அக்கா, இதப் பாருங்களேன்! நெறிகட்டிக்குப் போன கேஸ் இதுவரை பதினேழு. பதினாறும் வெளிறல். இது ஒண்ணு மட்டும் மூணு பிளஸ்!"

"சுத்தியுமே பழுப்பா இருக்குல்லா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"கொஞ்சம் இருக்கு. ஆனா எவ்வளவு ஸ்ட்ராங் பாருங்க. கை இருந்தும் பரவியிருக்கு. அப்ப வேற ஏதோ வழி இருக்கணும். இந்த ஒரு கேஸை மட்டுமே தனிக் கட்டுரையா எழுதலாம். திங்கக்கிழமை கைடு சார்கிட்ட காட்டப் போறேன்."

கையைத் தட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சுற்று வந்தார். நான் பீக்கர் கழுவப் போனேன். நான்கு பீக்கர்தான் அழுக்கு, பதினாறைக் கழுவினேன்.

ஜூலை 19, வெள்ளி

லீவு. தலைவலி.

ஜூலை 20, சனி

அத்தான் குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனார். ஆற்றில் நல்ல தண்ணீர். கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "என்னட்டி, ஒரு மாதிரி இருக்க?" என்றார். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் வேலை" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. திரும்பும்போது சுடச்சுடச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஜூலை 22, திங்கள்

செவ்வாய்க்கிழமை போன் எதுவும் வரவில்லை. எழுதிவிட்டேன், இப்போது மேலே எழுதுவது சுலபம்.

பதினோரு ஸ்லைடைக் கழுவிவிட்டு முப்பத்தேழைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அதில் பழுப்பே இல்லை. டைமர் அடித்தது, அணைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு நிமிடத்துக்கும் நிறம் ஏறியது. அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடம்பில் இல்லாததைக் கண்ணாடியில் வரவழைத்துவிட்டேன். இருபத்தாறு வருடமாக ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம் என்று அடுத்தவரை விரட்டிய மணியக்கா செய்த காரியம் இது.

எனக்காக மட்டும் என்றால் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண் இன்று பதினோரு மணிக்கு அவருடைய சாரிடம் போவதாக இருந்தார். புதுச் சுடிதார் வேறு. என் பொய்யை ஒரு கட்டுரையாக எழுதி, அதை வேறு ஏதோ ஊரில் வேறு டாக்டர்கள் படிப்பார்கள். பத்தரைக்குப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"டாக்டர், அந்த முப்பத்தேழைக் காட்டாதீங்க. சாயத்துல பதினாறு நிமிஷம் கெடந்துச்சு."

"மறந்துட்டீங்களாக்கா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "இல்ல. வேணும்னுதான் விட்டேன்" என்றேன்.

"ஏன்?"

கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். டாக்டருக்குக் கோபம்தான், காது சிவந்துவிட்டது. ஆனால் என்னைத் திட்டவில்லை. "சரி. மறுபடி வெட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 23, செவ்வாய்

மறுபடி வெட்டினேன். ரிப்பன் இரண்டு தடவை கிழிந்தது. டைமரை டாக்டரின் கழுத்தில் மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆனதும் "மணியாச்சுக்கா" என்றார்.

முப்பத்தேழு: நீலம். ஓரத்தில் ஒட்டியிருந்த நல்ல சதையில் மட்டும் பழுப்புக் கோடு சுத்தமாகத் தெரிந்தது. ஆக, சாயம் சரி, குக்கர் சரி, கேஸ்கெட் சரி. கை இல்லை.

அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. ஒரு வாரமாகச் சுமந்துகொண்டு திரிந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் வழக்கத்தைவிட ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 25, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டரின் பட்டியலில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. 'நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்' என்ற கட்டம். ரெக்கார்டு ரூமிலிருந்து அறுபது போன் நம்பர் வந்திருந்தது. பெயர் கொடுக்கக்கூடாது என்று விதியாம், பிளாக் நம்பரும் போன் நம்பரும் மட்டும். டாக்டர் தன் செல்லை விட்டுவிட்டு லேப் மூலையில் இருக்கும் வயர் போனிலிருந்து வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். நான் ஆறடி தள்ளி ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தேன். பட்டியல் வந்தது எனக்குத் தெரியும். அதில் என் நம்பர் இருக்கும் என்பது, சத்தியமாக, எனக்கு உறைக்கவே இல்லை.

காலையில் இருபது பேர் ஆயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி தொடங்கினார். நன்றாக இருக்கிறேன் என்றவர்கள் உண்டு. எடுக்காதவர்கள் உண்டு. முப்பத்தைந்தில் ஒரு மகன் எடுத்து, அம்மா தை மாதமே போய்விட்டாள் என்றான். டாக்டர் ரிசீவரை வைத்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார். அதற்கும் அடுத்ததைக் கூப்பிட்டபோது என் பைக்குள் போன் அடித்தது.

"அக்கா, உங்க போன் அடிக்குது" என்றார், ரிசீவரைக் காதில் வைத்தபடியே.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, "ஹலோ" என்றேன்.

நான் சொன்னது அவருக்கு ஒரு காதில் நேராகவும் மறு காதில் ரிசீவர் வழியாகவும் கேட்டிருக்கும். என்னைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். விரலால் முப்பத்தேழாம் வரியைத் தடவினார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, மெடிக்கல் காலேஜ்ல இருந்து பேசுறோம். மூணு வருஷம் முன்னாடி இங்க ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க. இப்ப எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது.

"செக்கப்புக்கு ஒழுங்கா வர்றீங்களா?"

அத்தானிடமும் சொல்லாததை, இந்த டைரியிலும் எழுதாததைப் போனில் சொன்னேன். "இல்ல. வந்து பதினாலு மாசம் ஆச்சு."

"ஏம்மா? தூரமா?"

"இல்ல. ரெண்டு மாடி ஏறணும். ஏறல."

"ஏன்?"

"பயந்தான். போனா என்னமும் சொல்லிருவாங்கன்னு."

டாக்டர் மூக்கை உறிஞ்சுவது போனிலும் நேரிலும் கேட்டது.

"நாளைக்குக் காலைல எட்டரைக்கு வாங்கம்மா. கூட யாராவது வருவாங்களா?"

"அத்தானுக்குக் கடை இருக்கு. நான் ஒழுங்காப் போயிட்டுதான் இருக்கேன்னு அவிய நெனச்சுக்கிட்டு இருக்காவ."

"அப்ப நான் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் டீ வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் குடித்தேன்.

ஜூலை 26, வெள்ளி

எட்டரைக்கு இரண்டு மாடி ஏறினோம். டாக்டர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பரிசோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. சுத்தம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி, வராவிட்டால் லேபுக்கே வந்து தூக்கிக்கொண்டு போவோம் என்றார்கள்.

இறங்கும்போது கேட்டேன், "கை இல்லாம எப்படி டாக்டர் நல்லா இருக்கேன்?"

"ஆபரேஷன் இருக்கு, கரண்டு இருக்கு. இந்த ஜீன் ஒண்ணை மட்டும் வச்சு ஒரு ஆளைச் சொல்லிட முடியாதுக்கா. நிறையப் பேரைச் சேர்த்துப் பாத்தாதான் ஏதாவது தெரியும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

மத்தியானம் அத்தானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு மாதத்தையும் சொன்னேன். டக்கென்று வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. தோசையைத் தட்டில் போட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"அடுத்த தடவை கடையை அடைச்சிட்டு வருவேன். நீ ஒண்ணும் பேசப்பிடாது."

நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தோசையில் நெய் கூடுதலாக விட்டேன்.

ஜூலை 29, திங்கள்

மிச்சம் இருபத்து மூன்று பேர். "நான் கூப்பிட்டா பாதிப் பேரு பயந்து வச்சிடுறாங்கக்கா, நீங்க பேசுங்க" என்று டாக்டர் பட்டியலை என்னிடம் தந்துவிட்டார். போன் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தெட்டைக் கூப்பிட்டேன். வெகு நேரம் அடித்தபிறகு ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஆடு கத்தியது.

"யாரு? ஆசுபத்திரியா? எனக்கு மறுபடியும் வந்துட்டா? அதுக்குத்தான் கூப்புடுதியளா?"

"இல்லம்மா, எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான். கடைசியா எப்ப செக்கப்புக்கு வந்தீங்க?"

"ரெண்டு வருசம் இருக்கும்" என்றாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "ஒங்களுக்கு என்ன? நீங்க ஆசுபத்திரிக்காரவ. வா வான்னு சொல்லிருவிய. அங்க வந்து அந்தக் கட்டில்ல ஏறிப் படுக்கவளுக்குல்லா தெரியும்."

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"நானும் ஏறிப் படுத்தவதான். இந்த லிஸ்டுல நீங்க முப்பத்தெட்டு. நான் முப்பத்தேழு. வெள்ளிக்கிழமைதான் போயிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"ஏ பிள்ள" என்றாள். "எந்தக் கெழமை வரணும்? நீ அங்கன இருப்பியா?"

"இருப்பேன்" என்றேன்.